இரண்டு வாளிப் பூ

சணல் கயிறு லேசில் அறுபடவில்லை. லீதியா ஜாடியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, கத்தி நுனியைக் கயிற்றுக்கு அடியில் விட்டு நெம்பினாள். நான்கு வருடமாகச் சரக்கறையின் மேல்தட்டில் இருந்த ஜாடி. வாயில் கட்டியிருந்த கண்ணாடித்தாள் வெங்காயச் சருகின் நிறத்துக்குப் போயிருந்தது. கயிறு விட்டதும் அது மெல்ல மேலெழும்பியது. உள்ளே அடைபட்டிருந்த பழைய கோடை ஒன்று வெளியே வந்தது. சர்க்கரை, லவங்கம், கொட்டைக்குள் இருக்கும் அந்தப் பாதாம் கசப்பு.

“ஒடைச்சிட்டியா?” ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அவள் கணவர் அம்ப்ருஷ் கேட்டார்.

“ஒடைக்கல. தெறக்கிறேன்.”

“எதுவோ ஒண்ணு. அப்புறம் காலி ஜாடிதானே.”

அந்த வீட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் புளிச்செர்ரி ஜாடி அது. கிறிஸ்துமஸுக்கு மகன் பெர்த்தலான் வந்தபோதுகூட அம்ப்ருஷ் அதைத் தொட விடவில்லை. புதுப் பழம் வரட்டும், அப்புறம் பழசைத் திறக்கலாம் என்றார். நான்கு வருடமாகப் புதுப் பழம் வரவில்லை. இரண்டு நாளாக ஒரு வாய்த் தண்ணீருக்கு மேல் இறங்காத மனிதர், இன்று காலை கண்ணைத் திறந்ததும் அந்த ஜாடியைக் கேட்டார். லீதியா ஏன் என்று கேட்கவில்லை. கத்தியைத் தேடிப் போனாள்.

வெளியே தோட்டம் முழுக்கப் பூத்து நின்றது. நேற்று மொட்டும் பூவுமாக இருந்த மரங்கள் ஒரே இரவில் மிச்சமில்லாமல் விரிந்திருந்தன. அந்த வெண்மை ஜன்னல் வழியாக வந்து கூரையில் பட்டு, பால் கலந்த தண்ணீர் மாதிரி அறை முழுக்கப் பரவியிருந்தது. அதில் அம்ப்ருஷின் முகம் கல்யாணத்துக்கு முந்தைய முகம் போல, எலும்பும் கண்ணுமாக, இளமையாகத் தெரிந்தது. லீதியாவுக்கு அதைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை.

கரண்டியில் ஒரே ஒரு பழத்தை எடுத்து அவர் உதட்டில் வைத்தாள்.

“கொட்டை இருக்கு. பாத்து.”

அவர் கடிக்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். வாயோரம் கசிந்த சாற்றை அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்தாள். துணியில் கறுஞ்சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது.

“தேனீ வந்திருச்சா?”

“வந்திருக்கு. சத்தம் கேக்கலையா?”

அவர் கண்ணை மூடிக் கேட்டார். “கேக்குது,” என்றார். “எங்கியோ தூரத்துல.”

தேனீக்கள் ஜன்னல் சட்டத்துக்கு வெளியே, கை நீட்டினால் படும் கிளையில்தான் இருந்தன.

பிறகு, கரண்டியை அவள் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், அவர் கேட்டார்.

“அங்க பூத்திருச்சா?”

அந்த வீட்டில் ‘அங்கே’ என்றால் ஊரின் கீழ்க்கோடி. அவருடைய தம்பி காஷ்பாரின் வீடு. நான்கு வருடமாக அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை. லீதியா போர்வையின் மடிப்பைச் சரி செய்தாள்.

“வியாழக்கிழமை கடைக்குப் போறப்ப பாத்தேன். கொண்டுபோய் வெச்ச கன்னெல்லாம் ஆளு ஒசரம் வந்திருச்சு. மொதத் தடவையா பூத்திருக்கு. நம்மளுதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே.”

“அது எப்பவும் முன்னாடிதான் முழிச்சுக்கும்,” என்றார் அம்ப்ருஷ்.

மரத்தைச் சொன்னாரா தம்பியைச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லும்போது புளிப்பு பல்லில் பட்டவர் போல முகம் லேசாகச் சுருங்கியது. அது சிரிப்பாகவும் இருந்திருக்கலாம்.

*

தோட்டத்தை வைத்தவர் அவர்களுடைய அப்பா. வீட்டுக்குப் பின்னால் நான்கு வரிசை பெரும்பழ மரங்கள். நீண்ட காம்பில் ஒன்றொன்றாகத் தொங்கும், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கொட்டை தெரியும் பழம். அவற்றுக்குக் கிழக்கே, எல்லையோரமாக ஒரே ஒரு வரிசை சின்னப்பழ மரங்கள். ஊரில் அதற்கு ‘நாடோடி’ என்று பேர். கோலிக்குண்டைவிடச் சின்னது, மை போலச் சாறு, வாயில் போட்டால் தாடை பூட்டிக்கொள்ளும். பெரும்பழ மரங்கள் வேறொரு காட்டுச் செர்ரியின் வேரில் ஒட்டுக் கட்டியவை. வைத்த இடத்தில் மரியாதையாக நிற்கும். நாடோடி தன் வேரிலேயே வளர்வது. மண்ணுக்குள் ஓடி, கொஞ்ச தூரம் தள்ளிப் போய், அங்கே ஒரு கன்றாகத் தலை நீட்டும்.

புளிச்செர்ரி ஒரே ரத்தம் இல்லை என்பார் அந்தக் கிழவர். கிழக்கே, கடலுக்கும் அப்பால், உயரமாக வளரும் இனிப்புச் செர்ரி மரமும் புல்வெளியில் முழங்கால் உயரத்தில் கிடக்கும் புதர்ச் செர்ரியும் எந்தக் காலத்திலோ கலந்து பிறந்த பிள்ளை அது. அதனால்தான் ஒவ்வொரு மரத்துக்குள்ளும் ஒரு நெட்டையனும் ஒரு குட்டையனும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பார். பையன்கள் இரண்டு பேரும் அதை வைத்து விளையாடுவார்களாம். நான் மரம், நீ புதர். அம்ப்ருஷ்தான் எப்போதும் மரம்.

அப்பா போன பிறகு பாகம் பிரித்தபோதும் அப்படியே ஆயிற்று. வீடும் பெரும்பழ வரிசைகளும் மூத்தவருக்கு. கிழக்குத் துண்டு நிலமும் நாடோடியும் இளையவனுக்கு. நடுவில் வேலி. அந்த ஒற்றை வரிசையை அப்பா எதற்காக வைத்தார் என்று யாரும் யோசிக்கவில்லை. காற்று வரும் பக்கம் அது நிற்கவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். காற்றைத் தடுப்பதற்கு என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

பெர்த்தலானின் கல்யாணத்துக்குக் காஷ்பார் தன் மரத்துப் பழத்தைச் சாராயத்தில் ஊறப்போட்டு ஒரு பெரிய ஜாடி கொண்டுவந்தான். பந்தியில் அம்ப்ருஷ் அதிலிருந்து ஒரு பழத்தை விரலால் எடுத்து எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தார். அப்பா எனக்கு மரத்தைக் குடுத்தாரு, தம்பிக்குப் புதரைக் குடுத்தாரு, கொட்டைக்கு மேல தோலைப் போத்தி அதைப் பழம்னு சொல்லிட்டுத் திரியுறான் என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள். காஷ்பாரும் சிரித்தான். லீதியாவுக்கு நினைவில் நின்றது அந்தச் சிரிப்புதான். அவன் மற்றவர்களுக்கு முன்னால் சிரிக்க ஆரம்பித்து, மற்றவர்கள் முடித்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பனிக்காலத்தில் அவன் வரிசை முழுவதையும் வெட்டினான். கோபமாக வெட்டவில்லை. ஒவ்வொரு நாளும் வந்து, ஒரு மரத்தை வெட்டி, கிளை கழித்து, கட்டு கட்டிவிட்டுப் போனான். கடைசியில் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பியிருந்த கன்றுகளைத் தோண்டி ஈரச்சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு, கீழ்க்கோடியில் மனைவியின் வீட்டுக்குக் குடிபோனான். துண்டு நிலத்தைக் கூட்டுப் பண்ணை எடுத்துக்கொண்டு மக்காச்சோளம் போட்டது.

மறு வசந்தத்தில் அம்ப்ருஷின் மரங்கள் எப்போதும் போலப் பூத்தன. பூ உதிர்ந்தது. காம்பும் கூடவே உதிர்ந்தது. பனி விழுந்துவிட்டது என்றார். அடுத்த வருடம் மழை. அதற்கடுத்த வருடம் கூட்டுப் பண்ணையின் மருந்து. பழச்சாறு ஆலையின் லாரி வாசலில் நிற்காமல் போகப் பழகிக்கொண்டது.

லீதியாவுக்கு விஷயம் இரண்டாம் வருடமே தெரிந்துவிட்டது. நகரத்துச் சந்தையில் கன்று விற்பவனிடம் கேட்டாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெரும்பழ மரம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, பக்கத்தில் வேறு ஜாதி வேண்டும் என்றான். “மாப்பிள்ளை இல்லாம பொண்ணு மட்டும் அலங்காரம் பண்ணிட்டு உக்காந்திருந்தா கல்யாணம் எப்பிடிம்மா நடக்கும்?” சுற்றிலும் சோளக்காடு. தேனீ பறக்கிற தூரத்தில் வேறு செர்ரி கிடையாது.

அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். அம்ப்ருஷ் கன்று வாங்கவில்லை. வாங்கி வைத்தால் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். வெட்டிய நாடோடியின் வேர்கள் அதற்குள் வேலிக்கு அடியில் நுழைந்து இந்தப் பக்கம் முளைவிட ஆரம்பித்திருந்தன. விட்டிருந்தால் அவையே போதும். அம்ப்ருஷ் ஒவ்வொரு வசந்தமும் மண்வெட்டியோடு போய் அவற்றை ஒன்றுவிடாமல் வெட்டினார். “வாசல் வழியா வரமாட்டான். இப்பிடிக் கீழ வழியா வர்றான் பாரு,” என்று சொல்லிச் சொல்லி வெட்டினார்.

*

மதியத்துக்கு மேல் மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. ஜன்னல் வழியாக ஓர் இதழ் மிதந்து வந்து அவர் நெஞ்சின் மேல் போர்வையில் உட்கார்ந்தது. லீதியா அதைத் தட்டிவிடக் கை நீட்டி, நிறுத்திக்கொண்டாள். மூச்சு ஏறும்போது இதழ் ஏறியது, இறங்கும்போது இறங்கியது. ஓடையில் போகும் ஓடம் போல. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தேனீக்களின் சத்தம் ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது. சிறிது நேரம் அவளும் தூங்கியிருப்பாளோ என்னவோ, பிறகு அவளால் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதழ் அடுத்த தடவை ஏறும் என்று காத்திருந்தாள். அது போர்வை மேலேயே இருந்தது.

தாடையைத் துணியால் கட்டும்போதுதான் அவர் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருப்பதைக் கவனித்தாள். விரலை விட்டு எடுத்தாள். சதை கரைந்து சுத்தமான கொட்டை. கழுவாமல் இடுப்புத் துணியின் பையில் போட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் போர்ச்சா தேவாலயத்துச் சாவு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். எந்த வீட்டில் சாவு என்றாலும் முதலில் வருகிறவள் அவள்தான். கடிகாரத்தை நிறுத்தினாள், கண்ணாடியின் மேல் கறுப்புத் துணி போட்டாள், ஜன்னலை அகலத் திறந்தாள். எல்லாவற்றையும் தன் வீடு போலச் செய்துகொண்டே, அம்ப்ருஷ் தன் கோழிகளைக் கல்லெறிந்து விரட்டிய கதைகளைச் சொல்லி அழுதாள்.

“மரத்துக்குச் சொல்லிட்டியா?” என்று கேட்டாள்.

வீட்டுத் தலைவர் போய்விட்டால் மாட்டுக்கும் தேனீக்கும் மரத்துக்கும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவை காத்திருந்து காய்ந்துபோகும். லீதியா செருப்பை மாற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள். முதல் மரத்தைப் பிடித்து லேசாக உலுக்கினாள்.

“அவரு போயிட்டாரு,” என்றாள்.

அடுத்த மரம். அவரு போயிட்டாரு. ஒவ்வொரு மரமும் கேட்டுக்கொண்டு கொஞ்சம் இதழைக் கொட்டியது. அவள் கறுப்பு முக்காடு வெள்ளையானது. நடுத் தோட்டத்தில் வீடும் தெரியவில்லை, வேலியும் தெரியவில்லை. தரை எங்கே, கிளை எங்கே என்று தெரியாத ஒரு வெளிச்சத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேல் தேனீக்கள் ஒரு மரத்திலிருந்து அதே ஜாதி இன்னொரு மரத்துக்கு, வீணாக, அவசர அவசரமாகப் போய்வந்துகொண்டிருந்தன. இன்னும் நான்கைந்து நாளில் இதெல்லாம் கீழே கிடக்கும். வேலியோரத்து மரத்திடம் மட்டும் அவள் இரண்டு தடவை சொன்னாள்.

*

மறுநாள் காலை பாடகர் தோபியாஷ் வந்தார். அடக்கத்துக்கு முன்னால் சவப்பெட்டி அருகில் நின்று, இறந்தவரே பேசுவது போல, உறவுகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விடைபெறும் பாட்டைக் கட்டுவது அவர் வேலை. பேர் வருகிறவர் ஓர் அடி முன்னால் வந்து பெட்டியில் கை வைப்பார். பேர் வராத உறவு கூட்டத்தோடு நிற்கவேண்டும். அப்படி நிற்பதற்குப் பதில் வராமலே இருந்துவிடுவார்கள்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஊற்றிக் கொடுத்த பிளம் சாராயத்தை ஒரு மடக்கு குடித்தார். மனைவி, மகன், மருமகள், பேத்தி என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“காஷ்பாருக்கு எங்கிட்ட எதுகை கைவசம் இருக்கு. லேசுல கெடைக்காத எதுகை. வேணுமா, வேணாமா?”

லீதியா மேஜையில் இருந்த ரொட்டித் துகள்களை விரலால் ஒன்று சேர்த்தாள். புது வருடம் பிறந்த சமயத்தில், இன்னும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தபோது, அம்ப்ருஷ் அதைச் சொல்லியிருந்தார். அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார். “தோபியாஷ் பாடுறப்ப அவன் பேரு வந்துச்சுன்னு வெச்சுக்க, மூடியத் தள்ளிட்டு எந்திரிச்சு வந்துருவேன்.”

“வேணாம்னுதான் சொல்லிட்டுப் போனாரு,” என்றாள்.

“அவரு சொன்னது சரி. நீங்க என்ன சொல்றீங்க?”

அங்க பூத்திருச்சா என்று கேட்ட குரல் காதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாய்வார்த்தையை மாற்றலாமா? பூத்ததா என்றுதானே கேட்டார். வரச்சொல் என்று சொல்லவில்லையே.

தோபியாஷ் எழுந்து தொப்பியை எடுத்தார். “அந்த எடத்துல இருமுற மாதிரி கொஞ்சம் நிறுத்துறேன். எனக்கு இருமல் இருக்கிறது ஊருக்கே தெரியும். அப்ப உங்களப் பாப்பேன்.”

காஷ்பாருக்குச் சொல்லி யாரையும் அனுப்பவில்லை. மணி அடித்தது கீழ்க்கோடி வரை கேட்டிருக்கும்.

இரும்பாலையில் பாரந்தூக்கி ஓட்டும் பெர்த்தலான் மாலை ரயிலில் வந்தான். மருமகள் கைக்குழந்தையோடு வர முடியவில்லை. அவன் அப்பாவின் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனான். திரும்பி வந்து, அடக்கம் முடிந்ததும் அந்த மரங்களை எடுத்துவிடலாம் அம்மா என்றான். உருளைக்கிழங்காவது போடலாம். பூக்கிறதைப் பார்க்கவா வைத்திருக்கிறோம்? அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் பொறு என்று மட்டும் சொன்னாள். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று அவன் கேட்கவில்லை, நல்லவேளை.

*

முற்றத்தில் இரண்டு முக்காலிகளின் மேல் பெட்டி இருந்தது. ஊர் கறுப்பாகக் கூடியிருந்தது. போதகர் ஜெபித்து முடித்து, பாட்டுக்கு முந்தைய அமைதியில், வாசலுக்கு வெளியே ஒரு சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது.

காஷ்பார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தான். சைக்கிள் கைப்பிடியின் இரண்டு பக்கமும் இரண்டு வாளி. இரண்டிலும் வாய்வரை தண்ணீர், அதில் நாடோடிச் செர்ரியின் பூங்கிளைகள். சிந்தக்கூடாதென்று கீழ்க்கோடியிலிருந்து தள்ளிக்கொண்டே வந்திருக்கவேண்டும், அப்படியும் முழங்காலுக்குக் கீழ் கால்சட்டை நனைந்திருந்தது. அவன் வாசலைத் தாண்டவில்லை. தோட்டத்துக்குப் போகும் பக்கவழியைப் பார்த்துவிட்டு, கூட்டம் அதை அடைத்து நின்றதால் தயங்கினான். அதற்குள் பெர்த்தலான் போய், சித்தப்பா என்று சொல்லி, மரியாதையாக வாளிகளை வாங்கிக்கொண்டு வந்து பெட்டியின் காலடியில் இரண்டு பக்கமும் வைத்துவிட்டான். காஷ்பார் ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டான்.

பெண்கள் பக்கம் முணுமுணுப்பு ஓடியது. பழமரத்தின் பூங்கிளையை யாரும் ஒடிப்பதில்லை. சாவுக்கும் ஒடிப்பதில்லை, கல்யாணத்துக்கும் ஒடிப்பதில்லை. ஒவ்வொரு பூவும் ஒரு பழம்.

“கிறுக்கன்,” என்றாள் போர்ச்சா லீதியாவின் காதில். “ஜூன்ல திங்கவேண்டியதக் கொண்டாந்து பொணத்துக்கு வெச்சிருக்கான்.”

லீதியா வாளிகளைப் பார்த்தாள். நாடாவும் இல்லை, மாலையும் இல்லை. பிடிகளில் தடித்த கம்பியை வளைத்துக் கொக்கி போட்டிருந்தது. கிளைகளை மரத்தின் உச்சியிலிருந்து சாய்வாக வெட்டியிருந்தான். பாதி விரிந்திருந்தது, பாதி இன்னும் மொட்டு. இறந்தவருக்கு யாரும் மொட்டாகக் கொண்டுவருவதில்லை. அவருக்கு ஒரு பிற்பகல் பூத்திருந்தால் போதும். இது இன்னும் நான்கு நாளைக்குப் பூக்க வேண்டியது.

ஒரு தேனீ எங்கிருந்தோ வந்து பெட்டியின் மூடியில் உட்கார்ந்தது, நடந்தது, காலடியில் இருந்த கிளைக்குப் பறந்தது. பிறகு இன்னொன்று.

தோபியாஷ் பாட ஆரம்பித்தார். அவர் தொண்டை கரகரத்தாலும் ராகம் பிசகாது. அம்ப்ருஷ் தன் மனைவியிடம் விடைபெற்றார். லீதியா முன்னால் போய்ப் பெட்டியில் கை வைத்தாள். பலகை வெயிலில் சூடாக இருந்தது. மகனிடம் விடைபெற்றார், வராத மருமகளிடமும் முகம் பார்க்காத பேத்தியிடமும் விடைபெற்றார். பிறகு பாடகருக்கு இருமல் வந்தது. அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, அதற்கு மேலாக அவளைப் பார்த்தார்.

வாளிகளில் தேனீக்கள் மட்டும் ரீங்கரித்துக்கொண்டிருந்தன.

லீதியா தலையை அசைத்தாள்.

“கூடப்பொறந்த காஷ்பாரே,” என்று எடுத்தார் தோபியாஷ். கூட்டம் முழுக்க வாசல் பக்கம் திரும்பியது. போர்ச்சா மட்டும் பெட்டியைப் பார்த்தாள். லீதியாவும் பார்த்தாள். மூடி அசையவில்லை.

காஷ்பார் தொப்பியைக் கழற்றிச் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டினான். அது கீழே விழுந்தது. அதை எடுக்காமல் உள்ளே வந்தான். பெட்டியில் கை வைத்தவன் எடுக்க மறந்துவிட்டான். அடுத்துப் பேர் வந்த ஒரு மச்சான் முறைக்காரர் அவனுக்குப் பின்னால் நின்று காத்திருக்கவேண்டியிருந்தது.

*

கல்லறையிலிருந்து வந்தவர்களுக்கு முற்றத்தில் சாப்பாடு. கோழி சூப், ரொட்டி, பிளம் சாராயம். காஷ்பார் பந்தியின் கடைசியில், எழுந்து போக வசதியான இடத்தில் உட்கார்ந்திருந்தான். லீதியா உள்ளே போய், ஒரே ஒரு பழம் குறைந்திருந்த ஜாடியிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் கிண்ணத்தைச் சாய்த்துச் சாற்றின் நிறத்தைப் பார்த்தான்.

“கல்யாணத்து வருஷத்ததா?”

“ஆமா. கடைசி.”

அவன் ஒரு பழத்தை வாயில் போட்டான். மென்று விழுங்கிய பிறகும் கொட்டையைத் துப்பவில்லை. கன்னத்திலேயே வைத்துக்கொண்டு, தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தான்.

“வேலியோரமா மாட்டிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன் அண்ணி. இவன் வாங்கிட்டான்.”

“தெரியும்.”

“பொழுதுக்குள்ள மாட்டணும். ராத்திரி மரத்துலயே இருந்தா தேனீ காலையில மொதல்ல இந்தப் பூவுக்கு வந்துட்டு, அப்புறம் பெரிய மரத்துக்குப் போகும்.”

அவள் போய் ஒரு வாளியை எடுத்தாள். அவன் மற்றதை எடுத்தான். பந்தியில் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். பெட்டியை எடுத்ததும் போர்ச்சா முக்காலிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். நிமிர்ந்திருந்தால் சாவு மறுபடி வந்து உட்காரும். லீதியா குனிந்து ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கினாள்.

“அடியே, அதை எடுக்காத!” போர்ச்சா சூப்புக் கரண்டியோடு எழுந்துவிட்டாள். “இன்னும் மண்ணுகூடக் காயல.”

“ஏணி எங்க இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும்,” என்றாள் லீதியா.

தோட்டத்துக்குள் வெயில் சாய்ந்திருந்தது. காற்று கிழக்கிலிருந்து மெதுவாக வந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் இதழ்கள் கிளம்பி, விழுவதா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்று, பிறகு விழுந்தன. வேலியோரத்து மரத்தடியில் காஷ்பார் நின்றான். அப்பாவின் வரிசை நின்ற இடத்தில் இப்போது உழுத மண்தான் இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கிளைகளை அண்ணாந்து பார்த்தான்.

“இதுல உச்சில ஒண்ணு. இன்னொண்ணு நடு வரிசையில.”

அவள் முக்காலியை நிமிர்த்தி வைத்தாள். கால் ஒன்று மண்ணில் புதைந்து ஆடியது. தரையில் ஒரு கல்லைத் தேடி எடுத்து அதற்கடியில் கொடுத்தாள். அவன் ஏறினான். அவள் வாளியைத் தூக்கிக் கொடுக்கும்போது தண்ணீர் தளும்பி அவள் கறுப்புச் சட்டையின் கைக்குள் முழங்கைவரை ஓடியது. கொக்கி கிளையில் மாட்டியது. கிளை கொஞ்சம் தாழ்ந்து நின்றது.

“நிக்குதா?”

“நிக்குது.”

சின்னப் பூக்களிலிருந்து ஒரு தேனீ வெளியே வந்தது. காலில் மஞ்சள் அப்பியிருந்தது. இரண்டு பேர் முகத்துக்கும் நடுவே ஒரு கணம் நின்றுவிட்டு, பெரிய மரத்தின் வெண்மைக்குள் போனது. எந்தப் பூவில் உட்காருகிறது என்று லீதியா கண்ணால் தொடர்ந்தாள். அதற்குமேல் தெரியவில்லை. எல்லாமே வெள்ளையாக இருந்தது.

காஷ்பார் முக்காலியிலிருந்து இறங்காமல் அங்கேயே நின்றான். பிறகு, கன்னத்தில் கொட்டையோடு, அடுத்த வாளிக்காகக் கையை நீட்டினான்.